வண்டிக்கு வந்த கெட்ட பெயர்

மண்ணரையில் லிங்கசாமி என்று மட்டும் கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். மெட்டாடோர் லிங்கசாமி என்று கேட்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷத்து மெட்டாடோர் பிக்கப் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பார்த்தால் போன மாதம்தான் ஷோரூமிலிருந்து இறக்கினார்கள் என்று சத்தியமே செய்யலாம். அவரைப் பார்த்து அப்படிச் செய்ய முடியாது. தலை வழுக்கை, முட்டி இரண்டும் தேய்மானம், முன்பல்லில் ஒன்றைக் காணோம். தன் உடம்புக்குச் செய்யாததையெல்லாம் அந்த மனுசன் வண்டிக்குச் செய்துவிட்டார் என்பது அவர் மனைவி பழனாயியின் நெடுநாள் புகார்.

புகாரில் நியாயம் இருந்தது. வண்டி துடைக்க அவர் வைத்திருந்தது புதுப் பனியன் வெட்டுத்துணி, அதிலும் வெள்ளை மட்டும். கலர் துணி ஈரத்தில் சாயம் விடும், வண்டியின் பால் நிறத்துக்கு ஆகாது என்பார். அதே வீட்டில் பழனாயி அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கைத்துணி கேட்டால் கிழிந்த வேட்டிதான் வரும். வண்டி நிற்கும் செட்டுக்கு வெக்கை இறங்கக் கூடாது என்று தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தார். மனிதர்கள் படுக்கும் அறைக்கு வெறும் சிமெண்டு அட்டை. பின்பக்கத் தொட்டியில் பலகை அடித்து, அதன் மேல் ரெக்சின் விரித்து, துணி ரோலில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை படாமல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். முன்கண்ணாடியில் சென்னிமலை முருகன் துணை என்று எழுதியிருக்கும். முருகனுக்கும் வேலை குறைவுதான், ஏனென்றால் வண்டி சைக்கிளை முந்தியதே இல்லை.

வண்டிக்கு இன்னொரு கௌரவமும் உண்டு. அந்தப் பக்கத்தில் புதிதாகப் பனியன் கம்பெனி தொடங்குகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள், மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள், முதல் லோடு துணியை லிங்கசாமியின் வண்டியில்தான் கொண்டுவருவார்கள். ராசியான வண்டி என்று பெயர். தோற்றுப்போனவர்களும் அதில் முதல் லோடு ஏற்றியவர்கள்தான், ஆனால் தோற்றவர்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்? ஜெயித்தவர்கள் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். லிங்கசாமி அதை வண்டியின் டேஷ்போர்டில் ஒரு நாள் வைத்திருந்து பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுபோவார்.

இத்தனை நல்லவரிடம் ஒரே ஒரு குறை. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தச் சீமையில் பலருக்கும் வராதுதான், ஆனால் இவருக்கு அது முற்றிப்போன வியாதி. கல்யாணத்துக்கு அழைத்தால் ஆகட்டுங்க, கடன் கேட்டால் பாக்கலாமுங்க, பிடிக்காத கோவைக்காய்ப் பொரியலைத் தட்டில் வைத்தால் போடுங்க. அந்த ஆகட்டுங்க ஒரு நாள் அவரையே மாட்டிவிட்டது.

மாட்டிவிட்டவள் மருமகள் சித்ராதேவி. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். மகள் அனுப்ரியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று வேலையை விட்டாள். விட்டவள் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே நான்கு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகள் வெட்டித் தரும் துணியை, அதாவது கட்டிங்கை, வாங்கித் தைத்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டாள். மெஷினுக்கு இடம் என்று பார்த்தால் அந்த வீட்டில் இருந்தது ஒரே இடம்தான். அதில் தென்னங்கீற்று நிழலில் மெட்டாடோர் நின்றுகொண்டிருந்தது.

அவள் ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் கேட்டாள். மாமாவுக்கும் வயதாகிவிட்டது, லோடும் குறைந்துவிட்டது, வண்டியை நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள். லிங்கசாமி அப்போது சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஆகட்டும் அம்மிணி. வித்துப்போடலாம்” என்றார்.

ரசம் தட்டைத் தாண்டி ஓடியதைப் பழனாயி மட்டும் பார்த்தாள். மகன் அருள்செல்வன் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான். சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறவன், எந்த நிறமும் தன் மேல் படாமல் இருக்கப் பழகியிருந்தான். சித்ராதேவி மறுநாளே வண்டியைப் பல கோணத்தில் படம் எடுத்து, பழமை மாறாத மெட்டாடோர், ஒரே கை, மிக நல்ல நிலை என்று எழுதிப் போனில் விளம்பரம் போட்டாள். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தொல்லையே அதுதான், ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் கோயம்புத்தூரிலிருந்து தாடி வைத்த ஒரு பையன் வந்தான். லிங்கசாமி அவனுக்குக் காபி கொடுத்தார், முறுக்குக் கொடுத்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, உங்களிடம் மறைக்கக் கூடாது, இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்றார். பையன் சிரித்தான். காபி கடை வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தத்தான் வண்டி, இன்ஜினே வேண்டாம் என்றான். இன்ஜினே வேண்டாம் என்று ஒருவன் சொன்னதை லிங்கசாமியால் தாங்க முடியவில்லை. பலகையில் கரையான், அது கடையிலுள்ள மேஜை நாற்காலிக்கும் பரவும் என்று சொல்லி அவனை அனுப்பினார். அடுத்து வந்தது கல்யாணப் போட்டோ எடுக்கும் ஒரு ஜோடி. பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிப் படம் எடுக்கவாம். பிரேக் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது என்றார் லிங்கசாமி. அவர்களும் போனார்கள். ஊரையே விட்டுக்கொடுத்தாலும் வண்டியை விட்டுக்கொடுக்காத மனிதர் இப்போது வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு செட்டுக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வருவார்.

மூன்றாவதாக வந்தவர் தாராபுரத்து மகுடேஸ்வரன். செக்கு எண்ணெய்க் கடை வைக்கப் போகிறவர், எண்ணெய் டின் ஏற்றிப்போக வண்டி தேடினார். இவரிடம் பாச்சா பலிக்கவில்லை. ஆயில் குடிக்கிறது என்றதும் குச்சியை உருவி ஆயிலைப் பார்த்தார். கரையான் என்றதும் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிரேக் என்றதும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டார். எழுந்து வந்தபோது அவர் முகம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முகம்போல் இருந்தது.

“ஏனுங்ணா, உங்களுக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியலீங்க. தங்கமாட்டம் இருக்குதுங்க” என்றார்.

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று லிங்கசாமியை ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. அதற்குக் கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை. மகுடேஸ்வரன் சட்டைப் பையில் கை விட்டு அட்வான்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிவிட்டால் கதை முடிந்தது. அந்த அவசரத்தில்தான் சொல்லக் கூடாததை லிங்கசாமி சொன்னார்.

“வண்டிக்கு ராசி இல்லீங்க.”

பையிலிருந்த கை பையிலேயே நின்றது. புதுக்கடை வைக்கப்போகிறவருக்கு அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? மகுடேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு, மனமில்லாமல் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். போகிற வழியில் முக்கு பேக்கரியில் ஒரு டீ குடித்தார். டீயோடு விஷயத்தையும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு பேக்கரியில் வேறு பேச்சே இல்லை. வண்டிக்காரரே சொன்னாராம் என்பதுதான் அதில் முக்கியம். அந்த வண்டியில் முதல் லோடு ஏற்றிய ஒவ்வொருவரும் தத்தம் கஷ்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஒருவருக்குக் கப்பலில் போன சரக்கு திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு மூத்த மகன் படிக்காதது. மற்றொருவர் தன் மூலவியாதி எந்த வருஷம் தொடங்கியது என்று கணக்குப் பார்த்துவிட்டு, அதேதான், அதே வருஷம்தான் என்றார். இத்தனை காலம் கிடைத்த லாபமெல்லாம் தங்கள் சாமர்த்தியம், நஷ்டமெல்லாம் மெட்டாடோர் என்று அந்தச் சாயங்காலமே தீர்ப்பாகிவிட்டது.

லிங்கசாமிக்கு நெஞ்சு எரிந்தது. வண்டியைப் பற்றி இப்படிப் பேசுகிறார்களே என்று பழனாயியிடம் பொருமினார். யார் சொன்னதாகப் பேசுகிறார்கள் என்று அவள் கேட்டாள். அவர் எழுந்துபோய்ச் சட்டையே இல்லாத கொடியில் சட்டை தேடினார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சித்ராதேவிக்கு முதல் கட்டிங் தருவதாகச் சொல்லியிருந்தவர் ராமர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டெய்லராக வந்து, இன்று வீரபாண்டியில் இரண்டு மாடிக் கம்பெனி வைத்திருப்பவர். அவருடைய முதல் லோடும் இந்த மெட்டாடோரில்தான் வந்தது. சித்ராதேவி மெஷினுக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, எப்போது கட்டிங் எடுக்க வரலாம் என்று ராமருக்குப் போன் செய்தாள். அவர் இழுத்தார். அடுத்த மாசம் பார்ப்போம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அந்த வண்டி நிற்கிற இடத்தில் தொழில் தொடங்க வேண்டுமா என்று யோசிக்கச் சொன்னார். சித்ராதேவி போனை வைத்துவிட்டு அனுப்ரியாவுக்குத் தலை பின்னினாள். பின்னும்போது அழுதாள். பிள்ளை திரும்பிப் பார்த்து, இழுத்தால் எனக்குத்தானே வலிக்கும், நீ ஏன் அழுகிறாய் என்று கேட்டது.

அந்தப் போன் பேச்சும் பிள்ளை கேட்டதும் லிங்கசாமியின் காதில் விழுந்தன. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு முடியாது சொல்ல வாயில்லாமல், வண்டியின் பெயரையும் கெடுத்து, பெற்ற மகளைவிட மரியாதையாக நடக்கிற பெண்ணின் பிழைப்பிலும் மண்ணைப் போட்டாயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மிணி, ஸ்கூட்டரை எடு, வீரபாண்டி போகலாம் என்றார்.

ராமர் இருவரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். லிங்கசாமி டீயைத் தொடாமலேயே, ராசி இல்லை என்று தான் சொன்னது சுத்தப் பொய் என்றார். ராமர் நம்பவில்லை.

“அண்ணாச்சி, உங்க ஊர்க்காரவுக அடுத்தவன் பொருளயே குறை சொல்ல மாட்டீக. சொந்தப் பொருள நீங்களே சொல்லியிருக்கீகன்னா அதுல உண்மை இல்லாமலா இருக்கும்? விக்கிறவன் பொய் சொன்னா நல்லதால்ல சொல்லுவான்? கெட்டதச் சொல்லி எவன் விப்பான்?”

கேள்வி நேராக வந்து விழுந்தது. சுற்றிப்போக வழி இல்லை. லிங்கசாமி டீ டம்ளரைப் பார்த்தார், கட்டிங் மேஜையைப் பார்த்தார், மருமகளை மட்டும் பார்க்கவில்லை.

“எனக்கு விக்க மனசில்லீங்க” என்றார். “அதுதான் அப்படிச் சொன்னேனுங்க.”

இத்தனை நாளில் அதை அவர் சொன்னது அப்போதுதான், தனக்குள்ளேயும் சேர்த்து. சித்ராதேவி டம்ளரைக் கீழே வைத்தாள். ராமர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். போன வாரம் முழுக்கத் தன் கம்பெனி எப்போது கவிழும் என்று தூக்கமில்லாமல் கிடந்ததாகச் சொன்னார். கட்டிங் தருகிறேன், ஆனால் முதல் லோடு அந்த வண்டியில்தான் போக வேண்டும், அதுவும் பேக்கரி வழியாக, நாலு பேர் பார்க்கப் போக வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்.

திரும்பி வரும்போது சித்ராதேவி ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினாள். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு, “மாமா, வண்டி இருக்கட்டுங்க. நான் வீரபாண்டியில வாடகைக்கு எடம் பாத்துக்கறேனுங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் நிஜமாகவே அவருக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள். வீரபாண்டிக்குப் போனால் பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது இவள் இருக்க மாட்டாள், எதற்காக வேலையை விட்டாளோ அதுவே இல்லாமல் போகும். எல்லாம் அவருக்குத் தெரிந்தது. வழக்கம்போல் ஆகட்டும் அம்மிணி என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் போதும், வண்டி அவருடையது, யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லப்போவதில்லை.

“வேண்டாம் அம்மிணி” என்றார் லிங்கசாமி.

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். உள்ளேயிருந்து பழனாயி எட்டிப்பார்த்து, யார் பேசியது என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் சித்ராதேவி கோலம் போட வந்தபோது வண்டி தெருவில் நின்றது. செட் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஆணியில் தொங்கிய வெள்ளைத் துணிகள்கூட எடுக்கப்பட்டுக் காலியாக இருந்தது. லிங்கசாமி வாசலில் உட்கார்ந்து தாராபுரத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் மகுடேஸ்வரன் நம்பாமல் பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். மெட்டாடோர் லிங்கசாமிதானுங்க என்று இவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளர்பிறை புதன்கிழமையில் முதல் லோடு வந்தது. முந்தின நாளே மெஷின்களை இறக்கிப் பொட்டு வைத்தாகிவிட்டது. வீரபாண்டியிலிருந்து கட்டிங் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, பக்கத்து சீட்டில் மருமகளை உட்காரவைத்துக்கொண்டு, பேக்கரி முன்னால் வந்ததும் லிங்கசாமி வண்டியை இன்னும் மெதுவாக்கினார். ஏற்கெனவே போகும் வேகத்தில் அது நின்றுவிட்டதென்றே பலர் நினைத்தார்கள். மூலவியாதிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். ராமரே பைக்கில் பின்னால் வந்ததைக் கண்டதும், நான் அப்போதே சொன்னேன், ராசியான வண்டி என்று ஒருவர் ஆரம்பித்தார். அரை நாழிகையில் தீர்ப்பு மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து கட்டுகளை இறக்கினார்கள். பழனாயி ஆரத்தி சுற்றினாள். இறக்கி முடிந்ததும் லிங்கசாமி ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் கியர் போட்டு, செட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார். பாதி திரும்பிய பிறகுதான் உள்ளே நான்கு மெஷின் வரிசையாக நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. பிரேக் உடனே பிடித்தது. அவர் கொஞ்ச நேரம் இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

மகுடேஸ்வரன் காலையிலேயே வந்து எதிர்வீட்டு நிழலில் காத்திருந்தார். லிங்கசாமி இறங்கியதும் பக்கத்தில் வந்தார். ஆசையும் சந்தேகமும் அவர் முகத்தில் சரிபாதியாக இருந்தன.

“அன்னைக்கு நீங்களே ஆயிரம் கொறை சொன்னீங்க. இன்னைக்கு நீங்களே கூப்புட்டுக் குடுக்கறீங்க. எதுங்ணா நெசம்? கொறை ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேனுங்க.”

பழனாயி ஆரத்தித் தட்டோடு நின்றாள். சித்ராதேவி கட்டைப் பிரித்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு குறை போதும், எதையாவது சொன்னால் அந்த ஆள் இன்றும் பஸ் ஏறிவிடுவார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

லிங்கசாமி பேசத் தொடங்கினார். மார்கழிக் காலையில் எடுத்தவுடன் சாவியைத் திருகாதீர்கள், ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள் என்றார். கதவை அடித்துச் சாத்தாதீர்கள், கை வைத்து அழுத்தினாலே மூடும். வெயிலில் நிறுத்தினால் மேலே ஏதாவது போர்த்துங்கள். துடைக்க வெள்ளைத் துணி, கலர் துணி வேண்டவே வேண்டாம். எண்ணெய் டின் ஏற்றுவதானால் ரெக்சினுக்கு மேல் சாக்கு விரியுங்கள். மேட்டில் திணறுவதுபோலச் சத்தம் வரும், பயப்படாதீர்கள், அதன் குரல் அப்படித்தான். மகுடேஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சொல்ல இனி ஒன்றும் பாக்கி இல்லாமல் போன பிறகு லிங்கசாமி சாவியை அவர் கையில் வைத்தார். விரலை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“உங்க வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க” என்றார் லிங்கசாமி.